வில்லங்கத்தில் ஒரு வரி

முதன்முதலில் அவர் என் கடைக்கு வந்தது ஒரு பழைய பத்திரத்தை நகல் எடுக்க. மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பத்திரம் நீளத் தாளில் இருந்தது. நான் சின்னத் தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடியில் ஒரு வரி விழவில்லை. மற்றவர்கள் வாங்கி மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார்.

“கடைசி வரி எங்க சாமி?”

அது ஒன்றும் முக்கியமான வரி இல்லை, சாட்சி போட்டவர் ஊர்தான் என்றேன். அங்கே இருப்பது இங்கே இல்லையே என்றார். நீளத் தாள் தேடி எடுத்து மறுபடி போட்டேன். அதை வாங்கிக்கொண்டவர் முதல் நகலைக் கிழிக்கச் சொன்னார். அரையும் குறையுமாக ஒரு தாள் ஊருக்குள் சுற்றக் கூடாதாம். நான் கிழித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கேட்காமல் ஒருவர் பெயரைத் தாளில் ஏற்றுவது அவருக்குப் பிடிக்காது. சில ஊர்கள் சேர்ந்ததை நம் மலையில் நாடு என்போம்; திண்ணனூர் நாட்டில் ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே நடக்க வேண்டிய ஊர் அவருடையது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். கீழே பள்ளத்தில் கொஞ்சம் மரவள்ளி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. என் சின்னம்மா வயது இருக்கும், ஆனால் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவரை ஓர் இடத்தில் நிற்க வைக்க முடியாது. மிஷின் சூடாக இரண்டு நிமிஷம் ஆகும் என்றால் அந்த இரண்டு நிமிஷமும் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் போய்ப் போய் வருவார். வாங்கிய டீ ஆறிப் போகும். அவர் கடையில் இருக்கும்போது நானும் ஏதோ ஒன்றை மறந்துவிட்ட மாதிரியே இருப்பேன். அடுக்கி வைத்த தாள்களை எடுத்து மறுபடி அடுக்குவேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு அவரைப் புரிய வைக்க இரண்டு சின்ன விஷயம் சொல்கிறேன். பெண்களுக்குக் காசு வாங்காத பஸ்ஸில் கண்டக்டர் சில நேரம் அந்த இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கச் சோம்பல் படுவார். இவர் இறங்க மாட்டார். நான் வந்தது கணக்குக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பஸ் நிற்கும், பின்னால் ஜீப்காரர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழிப்பார். இன்னொன்று, அவருடைய மாமியார் இறந்து சில மாதம் ஆகியும் ரேஷன் கார்டில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கும் அரிசி வந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. இவரே தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு வந்தார். வருகிற அரிசியை நிறுத்துவதற்கு மனு எழுதிக் கொடுத்த ஒரே ஆள் இந்த மலையில் அவர்தான் என்று டீக்கடையில் வெகுநாள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி மிளகு விஷயத்துக்கு வருகிறேன்.

அடிவாரத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார். வேன் கொண்டுவந்து ஊர் ஊராக நிறுத்தி மிளகு எடுப்பார். நல்ல பேச்சு. எல்லோரையும் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பணம் அடுத்த மாசம் என்பார், அடுத்த மாசம் கொடுத்தும் விடுவார். அப்படி நாலைந்து வருஷம். அதனால் யாரும் சீட்டு வாங்கவில்லை. இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எடை, விலை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வார். வியாபாரி சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார். அக்கா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியது என்பார்.

ஒரு வருஷம் அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஏழு வீட்டு மிளகுப் பணம் நின்றது. அந்த ஏழில் ஒன்று நம்முடையது. கடைக்கு இரண்டாவது மிஷின் வாங்க அதைத்தான் நம்பியிருந்தேன்.

நாங்கள் ஆறு பேர் வேன் பிடித்துப் போய் அவர் வீட்டு வாசலில் கத்திவிட்டு வந்தோம். இவர் எங்களோடு வரவில்லை. சீட்டுகளை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். ஒன்றரை வருஷம் நடந்தது. வியாபாரி கோர்ட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. கையெழுத்து அவருடையதுதான் என்று ஆகிப்போனதால், வட்டியும் செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்த அன்று நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டீர்கள், இனி உட்கார்ந்து குடியுங்கள் என்றேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

“ஜட்ஜய்யா சொன்னது கோர்ட்டுக்குத் தெரியுமுங்க சாமி. நெலத்துக்கு யாரு சொல்றது?”

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது, அதனால் சொல்கிறேன். தீர்ப்பு என்றால் இன்னார் இன்னாருக்குப் பணம் தர வேண்டும் என்று கோர்ட் சொல்வது. கோர்ட் தானாகப் போய் அந்தப் பணத்தை வாங்கித் தராது. தர வேண்டியவரிடம் நிலம் இருந்தால், அந்த நிலத்தை ஜப்தி செய்யுங்கள் என்று ஜெயித்தவர் இன்னொரு மனு போட வேண்டும். கோர்ட் உத்தரவு போட்டு, அந்த உத்தரவு பத்திர ஆபீசுக்குப் போய், அங்கே அந்த நிலத்தின் பேரில் ஒரு வரி ஏற வேண்டும். அப்புறம் யார் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தாலும் அந்த வரி தெரியும். வாங்க வருகிறவர் பின்வாங்கிவிடுவார். அந்த வரி ஏறுவதற்கு முன்னால் வியாபாரி நிலத்தை விற்றுவிட்டால், கையில் இருக்கும் தீர்ப்பை வைத்துக்கொண்டு வேறு என்ன சொத்து இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதுதான்.

வியாபாரியிடம் இருந்தது அடிவாரத்தில் ஒரே ஒரு காடு, மரவள்ளி போடும் மேட்டு நிலம். அதை விற்கப் போகிறார் என்று லாரி டிரைவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இவர் அலைந்த அலைச்சலை நான் கடையில் இருந்து பார்த்தேன். கீழே போக எழுபது வளைவு. இவருக்குப் பத்தாவது வளைவிலேயே குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போவார், வெளுத்த முகத்தோடு திரும்புவார்.

முதல் தடவை தீர்ப்பின் நகலாக என் கடை ஜெராக்ஸைக் கொண்டுபோனார். திருப்பிவிட்டார்கள். கோர்ட்டே முத்திரை போட்டுக் கொடுக்கும் சான்று நகல்தான் வேண்டுமாம். உன் நகல் அங்கே செல்லாதாம் சாமி என்று என்னிடம் வந்து, எனக்கு ஏதோ கெட்ட சேதி சொல்வது போல, மெதுவாகச் சொன்னார். சான்று நகலுக்கு எழுதிப் போட்டு, காத்திருந்து, வாங்கினார். இரண்டாவது தடவை மனுவின் முதுகில் சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பினார்கள். தீர்ப்பில் வியாபாரிக்கு ஒரு இனிஷியல், பட்டாவில் இரண்டு இனிஷியல். இருவரும் ஒருவரே என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம். மூன்றாவது தடவை சொத்து விவரம். சர்வே நம்பர், உட்பிரிவு, எவ்வளவு பரப்பு, எந்தப் பத்திர ஆபீசுக்குக் கீழே வருகிறது, எல்லாம் இருந்தது. நாலு பக்கமும் யார் நிலம் என்ற எல்லை மட்டும் பழைய பத்திரத்தில் இருந்தபடி எழுதியிருந்தார்கள். அதில் இருந்தவர்கள் பாதிப் பேர் செத்தும் விற்றும் போய்விட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வக்கீல் குமாஸ்தா சாதாரணமாகச் சொன்னாராம். கேட்டால் வியாபாரிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கே விற்றுவிடுவார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அரியூர் நாட்டுப் பெண்கள் நாலு பேரோடு வேனில் ஏறிப் போய்விட்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தனக்குப் பணம் தர வேண்டியவருடைய காட்டிலேயே ஒரு நாள் முழுக்கக் கூலிக்குக் கிழங்கு பிடுங்கினார். ஒவ்வொரு வரப்பிலும் நிமிரும்போது பக்கத்தில் இருந்தவளிடம் அந்தக் காடு யாருடையது, இந்தக் கிணறு யாருடையது என்று வெட்டிப் பேச்சு மாதிரிக் கேட்டுக்கொண்டே வந்தார். சாயங்காலம் வியாபாரி பைக்கில் வந்து கூலியைக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்களின் கையைத்தான் பார்த்தாராம், முகத்தைப் பார்க்கவில்லையாம்.

மறுநாள் கடைக்கு வந்து நாலு எல்லையையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். கைகளில் மரவள்ளிப் பால் கறை அப்படியே இருந்தது. அந்தக் கூலியைக் கடனில் கழித்துக்கொள்ளலாமா அக்கா என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “வேல செஞ்சனுங்க, கூலி குடுத்தாங்க. அது வேற, இது வேற.”

நாலாவது தடவை மனுவை எடுத்துக்கொண்டார்கள். ஜப்தி உத்தரவு ஆனது. வக்கீல் முடிந்துவிட்டது என்று போனிலேயே சொல்லிவிட்டார். இவர் நம்பவில்லை. நம் கடைக் கம்ப்யூட்டரில் வில்லங்கம் பார்க்கலாம் என்று நான்தான் ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் வருவார். ஒரு மணி நேரம் நடந்து வந்து, சர்வே நம்பரைச் சொல்லி, திரை வருவதற்குள் பத்துத் தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் போய் வருவார். மழை நாளில் நெட்டே வராது. நாளைக்கு வாருங்கள் என்றால் போக மாட்டார். மழை விட்டதும் இன்னொரு தடவை பார் கண்ணு என்பார். எனக்கும் அந்த வேகம் ஒட்டிக்கொண்டது. அவர் வராத ஞாயிற்றுக்கிழமையில்கூட நானே பார்ப்பேன். வரி இல்லை. மறுநாளும் இல்லை. ஒன்பதாம் நாள் அவரே எலுமிச்சம்பழத்தோடு கீழே இறங்கிப் போய்க் கேட்டார். உத்தரவோடு சேர்த்து அனுப்ப வேண்டிய சொத்து விவரத்துக்கு இன்னொரு பிரதி இல்லாததால் கட்டு அப்படியே கோர்ட்டில் கிடந்திருக்கிறது. அங்கேயே கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரி ஏறியது. நான் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மிளகுக் கொடிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இருபது நாள் ஆகியிருக்காது. வாங்க வந்தவர் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாராம். வியாபாரி மலைக்கு வந்தார். இந்தத் தடவை வேன் இல்லை, பஸ்ஸில் வந்தார். திண்ணனூர் நாட்டு ஊரில் நாலு பெரியவர்கள் முன்னால், தீர்ப்பில் சொன்ன பணத்தை ஒரு காசு குறையாமல் இவர் கையில் கொடுத்தார். இவர் ரசீது எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே நாங்கள் ஆறு பேரும் இவர் வீட்டுக்குப் போனோம். வாழ்த்துச் சொல்லப் போனோம் என்று சொன்னால் பொய். எங்களிடம் சீட்டு இல்லை, கோர்ட்டுக்குப் போக வழி இல்லை. ஆனால் அந்த ஒரு வரி நிலத்தின் மேல் இருக்கும் வரை வியாபாரியால் விற்க முடியாது. பணம் வாங்கிவிட்டேன் என்று இவர் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஜப்தி சுலபமாக நீங்கும். இவர் ஆறு மாதம் சும்மா இருந்தால் போதும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள், அவர் எங்கள் காலில் வந்து விழுவார் என்றோம். வேண்டுமானால் வியாபாரியே பெட்டிஷன் போட்டு நீக்கிக்கொள்ளட்டும், அவர் அலையட்டும் என்றோம்.

வீட்டுக்குள் அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தவர் துடுப்போடு வெளியே வந்தார். எங்களுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தார். அவர் யோசிப்பதைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

“உங்க பணம் போனது எனக்கும் வருத்தந்தானுங்க. ஆனா அந்த வரி எம் பணத்துக்கு ஏத்துன வரி. எம் பணம் வந்துருச்சு. இன்னிக்கு ராத்திரியில இருந்து அது பொய்யி. எம் பேருல ஒரு பொய்ய நிக்க உட மாட்டனுங்க.”

எங்களில் ஒருவர் கோபத்தில், உனக்குக் கிடைத்ததும் ஊரை மறந்துவிட்டாயா என்று கேட்டார். சாட்சி சொல்ல வேண்டுமானால் வருகிறேன், அவர் வேனில் உங்கள் மிளகு ஏறியதைக் கண்ணால் பார்த்தவள் நான், எந்தக் கோர்ட்டுக்கும் எழுபது வளைவு இறங்கி வருகிறேன் என்று இவர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நாங்கள் கேட்டது சாட்சி இல்லை. வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தோம். நான் அதிகமாகவே திட்டினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இவர் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வில்லங்கத்தில் ஜப்தி நீங்கியது என்று அடுத்த வரி வந்தது. அந்த ஒரு மாதமும் தினம் மூன்று தடவை கம்ப்யூட்டரில் பார்த்தது நான். அது வரக் கூடாது என்று பார்த்தேன். வியாபாரி காட்டை விற்றார், ஊரை விட்டுப் போனார். நம் பணம் வரவில்லை. அந்தம்மா மனசு வைத்திருந்தால் வந்திருக்கும் என்று நம் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அப்படிச் சொல்வதற்கு நான்தான் காரணம். அவளிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். அவர் சாட்சி சொல்ல வருகிறேன் என்றதை நான் சொல்லவே இல்லை. ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆறு பேரில் ஒருவரும் போகவில்லை. கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை. முதல் பஸ் கீழே இறங்க நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா வேகமாக ரோட்டைக் கடந்து கடைக்கு வந்தார். கையில் கோர்ட்டுக்குக் கொடுக்க எழுதிய மனு, கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று. வியாபாரிக்குக் கொடுத்த ரசீதின் மறுபிரதியும் இருந்தது. இரண்டிலும் இரண்டு நகல் வேண்டும் என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மிஷின் ரிப்பேர் என்றேன்.

அவர் மிஷினைப் பார்த்தார். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு ஆதார் கார்டு எடுத்திருந்தேன், உள்ளே காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது.

“எப்பச் செரியாகுமுங்க சாமி?”

நாளைக்குத்தான் என்றேன்.

“நாளைக்கு வரைக்கும் பொய்யி நிக்குமே கண்ணு” என்றார். திட்டுவது மாதிரி இல்லை. தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. தாள்களைக் கவருக்குள் போட்டுக்கொண்டு, கீழே எங்கேயாவது எடுத்துக்கொள்கிறேன், வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார்.

அவர் போன கையோடு ஒரு காலேஜ் பிள்ளை மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டியது. நான் வாங்கி மிஷினில் வைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன். பஸ் இன்னும் புறப்பட்டிருக்கவில்லை. அவர் கடைப் பக்கத்து ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.